புள்ளி, பூஜ்யம், எழுத்துரு: மருத்துவ அறிக்கை எழுதுவதற்கு ஒரு சின்ன வரலாறு

2024 ஜனவரியில் ஒடிசா உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மனு விசாரணைக்கு வந்தது. பாம்பு கடித்து மகனைப் பறிகொடுத்த ஒரு அப்பா, அரசு தரவேண்டிய கருணைத் தொகையைக் கேட்டுப் போட்ட மனு. சாவுக்குக் காரணம் பாம்புக்கடிதான்னு காட்ட இருந்த முக்கியமான காகிதம் பிரேதப் பரிசோதனை அறிக்கை. நீதிபதி எஸ்.கே. பாணிகிரஹி அதைப் பார்த்தார். படிக்க முடியவில்லை. கடைசியில் அதை எழுதிய மருத்துவரையே காணொளி வழியாக வரவழைத்து, அவர் எழுதியதை அவரையே வாசிக்க வைத்த பிறகுதான் விஷயம் விளங்கியது. மருந்துச்சீட்டு, பிரேதப் பரிசோதனை அறிக்கை, சட்டம் சார்ந்த மருத்துவ ஆவணங்கள் எல்லாவற்றையும் பெரிய எழுத்திலோ தட்டச்சிலோ அல்லது தெளிவாகப் படிக்கிற மாதிரியோ எழுதச் சொல்லி எல்லா மருத்துவர்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பும்படி மாநிலத் தலைமைச் செயலாளருக்கு உத்தரவு போனது.

வயலும் திராட்சைத் தோட்டமும் வாழைத்தோப்புமாக இருக்கிற எங்க கம்பம் பள்ளத்தாக்கில் பாம்புக்கடி ஒன்றும் அபூர்வமான சங்கதி இல்லை. அதனால்தான் இந்தச் செய்தியைப் படித்ததும் ஒரு கேள்வி விடாமல் துரத்தியது. மருத்துவ அறிக்கையை இப்படித்தான் எழுதணும்னு விதிகள் இருக்கே, அதெல்லாம் எங்கேயிருந்து வந்தது?

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு நடைச் சண்டை புதுசு இல்லை. டேபா ஸ்பேஸா, அடைப்புக்குறி அதே வரியிலா அடுத்த வரியிலா என்று வருஷக்கணக்கில் அடித்துக்கொள்வோம். பெரும்பாலும் அது ருசி சம்பந்தப்பட்டது. மருத்துவ அறிக்கையின் நடைவிதிகளைத் தோண்டிப் பார்த்தால் கதை வேறு. அங்கே முக்கால்வாசி விதிகளுக்குப் பின்னால், யாரோ எதையோ தப்பாகப் படித்து, வேறு யாரோ படுக்கையில் விழுந்த கதை இருக்கிறது.

ஓலையில் இருந்த மருந்து

முதலில் நம்ம பழைய மருத்துவ எழுத்தைப் பார்ப்போம். ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பது அரிது. எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்பது வழக்கமாகச் சொல்லும் காரணம். குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் இருக்காது. இன்று நாம் போடுகிற இரட்டைச்சுழிக் கொம்பு 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தம் என்று சொல்வார்கள். ரகரமும் துணைக்காலும் ஒரே மாதிரி இருக்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது.

இதை ஒரு வைத்தியச் சுவடியில் வைத்து யோசித்துப் பாருங்கள். புள்ளி இல்லாவிட்டால் ‘பல் நோய்’க்கும் ‘பல நோய்’க்கும் ஓலையில் வித்தியாசம் இல்லை. எண்கள் இன்னும் மோசம். தமிழ் எண்ணில் 1 என்பது க போலவே இருக்கும், 2 உ போல, 7 எ போல, 8 அ போல. மருந்தின் எடையை எண்ணால் குறித்துவிட்டால், அது எண்ணா அடுத்த சொல்லின் முதல் எழுத்தா என்று படிக்கிறவர்தான் முடிவு செய்யவேண்டும்.

ஆனால் சித்த வைத்திய நூல்களில் பெரும்பகுதி செய்யுள். மனப்பாடம் செய்ய வசதி என்பது எல்லாரும் சொல்கிற காரணம். அது சரிதான். ஒரு மென்பொருள்காரனாகப் பார்த்தால் இன்னொரு பயனும் எனக்குத் தெரிகிறது. யாப்பு ஒரு பிழை காட்டி. கணினித் தகவல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும்போது கெட்டுவிட்டதா என்று பார்க்கக் கூடவே ஒரு சரிபார்ப்பு எண் அனுப்புவோம். செய்யுளில் அந்த வேலையை எதுகையும் தளையும் செய்கின்றன. ஒரு வெண்பாவில் ‘ஒன்று’ இருந்த இடத்தில் ஏடு எழுதியவர் ‘இரண்டு’ என்று எழுதிவிட்டால் நேரசை நிரையசையாகி, தளை தட்டும். யாப்பு தெரிந்தவர் காதில் அது உடனே விழும். ஆனால் ‘ஒன்று’ ‘மூன்று’ ஆனால் மாட்டாது. ரெண்டும் தேமா. இலவசமாகக் கிடைக்கிற பாதுகாப்பில் ஓட்டை இருக்கத்தான் செய்யும்.

இதில் கவனிக்கவேண்டியது, அளவை எண்ணாக எழுதாமல் சொல்லாக எழுதுவது. இந்த விஷயம் கடைசியில் மறுபடி வரும்.

மானிப்பாயில் ஒரு அமெரிக்கர்

மேற்கத்திய மருத்துவத்தைத் தமிழில் எழுதமுடியுமா என்ற கேள்விக்கு விடை 19-ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்தில் கிடைத்துவிட்டது. சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ்காரர், 1822-ல் பிறந்தவர். தமிழ் உரைநடையில் நிறுத்தற்குறிகளைப் பரவலாக்கியவராகச் சொல்லப்படும் ஆறுமுக நாவலரும் அதே 1822-ல் பிறந்தவர்தான். கிறீன் 1847-ல் மிஷன் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த வருஷமே மாணவர்களைச் சேர்த்து மருத்துவம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். முதலில் ஆங்கிலத்தில். ஊருக்குப் போய்விட்டு 1862-ல் திரும்பி வந்தபிறகு, தமிழிலேயே.

அதற்குப் புத்தகம் வேண்டுமே? மாணவர்களோடு சேர்ந்து மொழிபெயர்த்தார். அறுவை மருத்துவத்துக்கு ‘இரண வைத்தியம்’ (1867), உடற்கூறுக்கு ‘மனுஷ அங்காதிபாதம்’ (1872), வேதியியலுக்கு ‘கெமிஸ்தம்’ (1875). தலைப்புகளைப் பார்த்தாலே அவர்கள் கையாண்ட முறை தெரியும். வழக்கில் இருக்கிற சொல் கிடைத்தால் அதை எடுத்துக்கொள்வது, இல்லாவிட்டால் வடமொழிக்குப் போவது, அதுவும் சரிவராவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் வாய்க்கு ஏற்ற மாதிரி வளைப்பது. கெமிஸ்ட்ரி கெமிஸ்தம் ஆனது அப்படித்தான். கலைச்சொல் தொகுதிகளும் கூடவே வந்தன. ஒரு பொருளுக்கு ஒரே சொல், எல்லாப் பக்கத்திலும் அதே சொல். இன்று எந்த ஆவண நடைக் கையேட்டை எடுத்தாலும் இருக்கிற விதி இது.

கிறீன் 1873-ல் கிளம்பிப் போனார், 1884-ல் இறந்தார். தமிழ்வழி மருத்துவக் கல்வி அதற்குப் பிறகு தொடரவில்லை. மருத்துவ அறிக்கை ஆங்கிலத்துக்குப் போனது. அந்த ஆங்கிலமும் அவ்வளவு பத்திரமான மொழி இல்லை என்பதுதான் அடுத்த கதை.

புள்ளியும் பூஜ்யமும்

பிரிட்டனில் ஒரு வழக்கு. நெஞ்சுச் சளிக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்தது அமாக்சில் என்ற ஆன்டிபயாடிக். எழுத்து சரியில்லை. மருந்துக்கடைக்காரர் அதை டாவோனில் என்று படித்தார். டாவோனில் சர்க்கரை நோய் மாத்திரை. சர்க்கரையே இல்லாத அந்த மனிதர் அதைச் சாப்பிட்டு, ரத்தச் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கி, மூளை பாதிக்கப்பட்டது. நீதிமன்றம் பொறுப்பைப் பிரித்தது: கடைக்காரருக்கு 75 சதவீதம், மருத்துவருக்கு 25. மேல்முறையீட்டில் 1989-ல் அது உறுதியானது. கடைக்காரர் யோசித்திருக்கவேண்டும் என்பது உண்மை. அதற்காக, தப்பாகப் படிக்க இடம்கொடுக்கிற மாதிரி எழுதியவர் தப்பித்துவிட முடியாது. எழுத்தின் தெளிவும் சிகிச்சையில் ஒரு பகுதி என்பதுதான் அதற்கு அர்த்தம்.

அமெரிக்காவில் மைக்கேல் கோஹன் என்ற மருந்தாளுநர் 1975 முதல் இந்த மாதிரிப் பிழைகளைத் தொகுத்து ஒரு மருந்தியல் இதழில் எழுதிவந்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் பாதுகாப்பான மருந்துப் பயன்பாட்டுக்கான நிறுவனம். மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் அந்நாட்டின் ஜாயின்ட் கமிஷன், 2004-ல் ‘எழுதக்கூடாதவை’ என்று ஒரு சின்னப் பட்டியல் போட்டது. நோயாளியைப் பற்றிய குறிப்புகளில் ஒரு பக்கத்துக்குக்கூட வராத இந்தப் பட்டியலைப் போல முக்கியமான நடைக் கையேடு குறைவு. அதிலிருந்து மூன்று விதிகள்:

ஒன்று, யூனிட் என்பதற்கு ‘யூ’ என்ற ஒற்றை ஆங்கில எழுத்தைப் போடாதே. கையால் எழுதினால் அது பூஜ்யம் மாதிரி தெரியும். 10 யூனிட் இன்சுலின் 100 ஆகிவிடும்.

ரெண்டு, முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளி பூஜ்யம் போடாதே. 5.0 என்பதில் புள்ளி மங்கினால் 50.

மூன்று, பின்னத்துக்கு முன்னால் பூஜ்யம் போடாமல் விடாதே. வெறும் .5 என்று எழுதினால் புள்ளி காணாமல் போய் 5 ஆகும். 0.5 என்று எழுது.

இரண்டாவது விதி பூஜ்யம் வேண்டாம் என்கிறது, மூன்றாவது வேண்டும் என்கிறது. முரண்பாடு மாதிரி தெரியும். இல்லை. புள்ளி மறைந்துபோனாலும் படிக்கிறவர் பத்து மடங்கு அதிகமாகக் கொடுத்துவிடக் கூடாது என்பதுதான் ரெண்டுக்கும் ஒரே காரணம். ஓலையில் புள்ளி வராது என்று தெரிந்தே எழுதின மாதிரி, இங்கே புள்ளி போய்விடும் என்று வைத்துக்கொண்டே எழுதவேண்டும்.

எழுத்துரு செய்கிற வேலை

கையெழுத்தை விட்டுக் கணினிக்குப் போனால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். பாதிதான் தீரும்.

தொண்ணூறுகளிலும் ரெண்டாயிரத்தின் ஆரம்பத்திலும் தமிழில் கணினி பயன்படுத்தியவர்களுக்குப் பாமினி எழுத்துரு ஞாபகம் இருக்கும். ஆங்கில எழுத்துகள் உட்காரும் எண்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த எழுத்துரு அது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் தமிழ் போய் ஆங்கில எழுத்துகளும் நடுநடுவே அரைப்புள்ளிகளுமாகத் தெரியும். ஏன் அவ்வளவு அரைப்புள்ளி? பாமினியில் மெய்யின் புள்ளி இருந்த இடம் ஆங்கில அரைப்புள்ளியின் இடம். நம் புள்ளியெல்லாம் அரைப்புள்ளி ஆகிவிடும். அது குப்பை என்று பார்த்ததும் தெரிந்துவிடுவது ஒரு வகையில் நல்லது.

தெரியாத குப்பைதான் ஆபத்து. கணிதக் குறிகளுக்கு ‘சிம்பல்’ என்று ஒரு பழைய எழுத்துரு உண்டு. அதில் மைக்ரோவைக் குறிக்கும் ‘மியூ’ என்ற கிரேக்க எழுத்து, ஆங்கில ‘எம்’ எழுத்தின் இடத்தில் இருக்கிறது. ஒருவர் அறிக்கையில் மைக்ரோகிராம் என்பதற்கு அந்த எழுத்துருவில் மியூ போடுகிறார். திரையில் சரியாகத்தான் தெரிகிறது. அந்த வாசகம் வேறு மென்பொருளுக்கு நகலெடுக்கப்பட்டு, எழுத்துரு உதிர்ந்துபோனால் மிஞ்சுவது ‘எம்’. மைக்ரோகிராம் மில்லிகிராம் ஆகிவிட்டது. ஆயிரம் மடங்கு. பார்க்கிறவருக்குச் சந்தேகமே வராது, ஏனென்றால் அது ஒழுங்கான அலகாகவே தெரிகிறது.

யூனிகோடு வந்தபிறகு ஒவ்வொரு எழுத்துக்கும் சொந்த எண் கிடைத்தது. 1991-ல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் உண்டு. தமிழக அரசு 2010-ல் யூனிகோடையும் டேஸ் 16-ஐயும் தரமாக ஏற்றது. ஆனாலும் யூனிகோடில் மைக்ரோ குறிக்கு ஒரு எண், கிரேக்க மியூவுக்கு வேறொரு எண். கண்ணுக்கு ஒன்று, தேடலுக்கு ரெண்டு. ஆகவே பாதுகாப்பு நிறுவனங்கள் சொல்வது: அந்தக் குறியே வேண்டாம், ‘எம்சிஜி’ என்று எழுது அல்லது மைக்ரோகிராம் என்று முழுசாக எழுது.

ஏரியலா டைம்ஸா என்ற கேள்விக்கும் இதே அளவுகோல்தான். சில எழுத்துருக்களில் ஆங்கிலப் பெரிய ‘ஐ’, சின்ன ‘எல்’, எண் 1 மூன்றும் ஒரே குச்சி. மருந்தின் பெயர் ‘எல்’ எழுத்தில் முடிந்து, இடைவெளி விடாமல் பக்கத்தில் அளவு வந்தால் 10 மில்லிகிராம் 110 மாதிரி தெரியும். எழுத்துரு அழகா என்பது அப்புறம். இந்த மூன்றையும் பிரித்துக் காட்டுகிறதா என்பதுதான் முதல் கேள்வி.

2001-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இன்னொரு உத்தியைக் கொண்டுவந்தது. டோபமைன், டோபுடமைன் மாதிரி ஒரே சாயலில் இருக்கிற மருந்துப் பெயர்களில், வேறுபடும் பகுதியை மட்டும் பெரிய எழுத்தில் எழுதுவது. தமிழில் இதைச் செய்ய முடியாது. நமக்குப் பெரிய எழுத்து சின்ன எழுத்து இல்லை. அதோடு ஆங்கிலத்தில் அந்த இரண்டு பெயரிலும் வெவ்வேறு எழுத்தாக இருக்கிற இடத்தில் நமக்கு ஒரே பகரம். மருந்துப் பெயரைத் தமிழில் மட்டும் எழுதினால் போதும் என்று சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும். தமிழ்ப் பற்று இருக்கட்டும், ரெண்டு லிபியிலும் எழுதுவதுதான் பத்திரம்.

மஞ்சப்பையில் இருக்கிற காகிதம்

இனி நம்ம ஊருக்கு வருவோம். எங்க பழனிசெட்டிபட்டி, தேனியிலிருந்து கம்பம் போகிற சாலையில் இருக்கிறது. இந்தப் பக்கத்து நோயாளியின் ரிப்போர்ட் ஒரே ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்காது. பரிசோதனை ஒரு லேபில், வைத்தியம் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், முடியாவிட்டால் மதுரை பெரியாஸ்பத்திரி. ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறிப் போகிறவர்களுக்கு இடுக்கி பக்கத்துக் கேரள ஆஸ்பத்திரி. காகிதத்தைத் தூக்கிக்கொண்டு போவது நோயாளியின் பையில்தான். அந்தப் பையில் என்னவெல்லாம் முரண்படும் என்று பாருங்கள்.

டெங்கு காலத்தில் தட்டணு எண்ணிக்கை. ஒரு லேப் 1.5 லட்சம் என்று போடும். இன்னொன்று 1,50,000. மூன்றாவது மெஷின் ஆயிரத்தில் கணக்கிட்டு 150 என்று அச்சடிக்கும். மூன்றும் ஒன்றுதான். நேற்று ஒன்றரை லட்சம், இன்று 150 என்று பார்க்கிற குடும்பத்துக்கு அது தெரியாது.

சர்க்கரை. இங்கே 126 என்று வருவது கனடாவில் 7.0. அவர்கள் மில்லிமோலில் சொல்வார்கள், நாம் மில்லிகிராமில். 18-ஆல் வகுத்தால் கணக்கு சரி. டொராண்டோவில் இருக்கிற மகன் போனில் “அம்மாவுக்கு எவ்ளோ இருக்கு?” என்று கேட்டால், அலகு சொல்லாத எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

இன்சுலின். நம் கடைகளில் பாட்டில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், பேனாவில் 100 யூனிட். ஊசிக்குழலும் 40-க்கு வேறு, 100-க்கு வேறு. ‘கால் மில்லி’ என்று எழுதினால் ஒன்றில் 10 யூனிட், இன்னொன்றில் 25.

தேதி. 03/04 என்றால் நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்க மென்பொருளுக்கு மார்ச் 4. இதற்கென்றே 1988-ல் ஐஎஸ்ஓ 8601 வந்தது. வருஷம் முதலில், பிறகு மாசம், பிறகு நாள். கணினிக்கு அது போதும். மனுஷனுக்கு ‘3 ஏப்ரல்’ என்று மாசத்தின் பெயரை எழுதிவிட்டால் தீர்ந்தது.

இதற்கு நடுவே நம்ம ஊர் மருத்துவர்கள் பயன்படுத்துகிற 1-0-1 எனக்கு ரொம்பப் பிடித்த குறியீடு. காலை ஒன்று, மதியம் இல்லை, ராத்திரி ஒன்று. லத்தீனும் வேண்டாம், ஆங்கிலமும் வேண்டாம். ‘ஓடி’ என்று எழுதினால் ஒருவருக்கு அது தினம் ஒரு வேளை, கண் மருத்துவருக்கு வலது கண். 1-0-1 அப்படிக் குழப்பாது. மருந்துக்கடைத் தம்பி அதைப் பார்த்துவிட்டு மாத்திரைக் கவரில் பேனாவால் கோடு போட்டு, “பாட்டி, காலைல ஒண்ணு, ராவுக்கு ஒண்ணு, சாப்பிட்டு” என்பார். அறிக்கையின் கடைசி மொழிபெயர்ப்பு அவர் வாயில்தான் நடக்கிறது.

யாருக்காக எழுதுகிறோம்

இந்தியாவில் சட்டம் இதைக் கவனிக்காமல் இல்லை. மருத்துவ கவுன்சிலின் 2002 விதிகள், உள்நோயாளிப் பதிவேடுகளை 3 வருஷம் வைத்திருக்கவேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்கின்றன. 2016 திருத்தம், மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னது. 2018-ல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ அமர்வு, படிக்க முடியாத காய அறிக்கை எழுதிய மூன்று மருத்துவர்களுக்கு ஆளுக்கு 5,000 ரூபாய் அபராதம் போட்டது. 2025-ல் பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம், படிக்கக்கூடிய மருத்துவக் குறிப்பு அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் உரிமைக்குள் வரும் என்றது.

ஒன்றைக் கவனியுங்கள். ஒடிசா வழக்கிலும் லக்னோவிலும் படிக்கமுடியவில்லை என்று சொன்னது நீதிபதிகள். அவர்களால் எழுதியவரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்ல முடியும், அபராதம் போட முடியும். கம்பத்துப் பாட்டிக்கு அந்த வசதி கிடையாது. சத்தமே இல்லாமல் தப்பாகப் படித்துவிட்டு, அப்படியே மாத்திரையை முழுங்குவார்.

அதனால் என் கட்சி இது. அறிக்கையின் உடல் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். கேரள மருத்துவரும் மதுரை மருத்துவரும் படிக்கவேண்டுமே. அங்கே மேலே சொன்ன விதிகள் போதும்: 0.5 சரி, .5 தப்பு. 5 சரி, 5.0 தப்பு. யூனிட்டும் மைக்ரோகிராமும் முழுச் சொல்லாக. ஒவ்வொரு எண்ணுக்கும் அலகு. மாசத்துக்குப் பெயர். ஒன்றையும் எல்லையும் பிரித்துக் காட்டுகிற ஒரே எழுத்துரு, நகலெடுத்தால் உதிராத யூனிகோடு.

ஆனால் கடைசியில் ஐந்து வரி தமிழில் வேண்டும். என்ன நோய், என்ன செய்தோம், எந்த மாத்திரை எப்போது, எது நடந்தால் உடனே வரவேண்டும், அடுத்து எப்போது வரவேண்டும். அங்கே அளவை எண்ணாக மட்டும் போடாமல் சொல்லாகவும் எழுதவேண்டும், பழைய வைத்தியச் செய்யுள் மாதிரி: ‘காலையில் அரை மாத்திரை, சாப்பிட்ட பிறகு.’ அரை என்ற சொல்லில் உதிர்ந்துபோகப் புள்ளி கிடையாது.

தமிழில் அதெல்லாம் எழுத வராது என்று யாராவது மருத்துவர் சொன்னால், மானிப்பாயில் 1860-களில் உடற்கூறும் அறுவையும் தமிழில் படித்து மருத்துவரான பிள்ளைகளைப் பற்றிச் சொல்லுங்கள். நாம் கேட்பது ஐந்து வரி.